நடுங்கும் கைக்கு ஒரு வேலை

உத்தரகுமாரன் என்பது நம் ஊரில் ஒரு வசைச்சொல். வீட்டுக்குள் சவடால் பேசிவிட்டு வெளியே போனதும் பின்வாங்குகிற ஆணை அப்படிச் சொல்வோம். பாரதக் கதையில் அவன் விராட நாட்டு இளவரசன். கௌரவர்கள் மாடுகளை ஓட்டிக்கொண்டு போகிறார்கள் என்று செய்தி வரும்போது அவன் அப்பா வேறொரு பக்கம் போருக்குப் போயிருக்கிறார். தேரோட்ட மட்டும் ஓர் ஆள் கிடைத்தால் அத்தனை பேரையும் தனியாகவே வென்றுவிடுவேன் என்று அந்தப்புரத்துப் பெண்களிடம் சொல்கிறான். தேரோட்ட வருவது பிருகன்னளை. பெண்ணுடை உடுத்தி, அரண்மனைப் பெண்களுக்கு நடனம் கற்றுக்கொடுத்தபடி ஒளிந்து வாழும் அர்ச்சுனன். எதிரிப் படையைக் கண்டதும் இளவரசன் தேரிலிருந்து குதித்து ஓடுகிறான். பிருகன்னளை சடை பறக்கத் துரத்திப் பிடிக்கிறாள். பார்த்து நின்ற கௌரவர்கள் சிரிக்கிறார்கள். நாமும் இரண்டாயிரம் ஆண்டுகளாகச் சிரிக்கிறோம்.

அதற்குப் பிறகு நடப்பதைத்தான் நாம் கவனிப்பதில்லை. முதலில் பிருகன்னளை அறிவுரை சொல்லிப் பார்க்கிறாள். ஓடுவது சத்திரியனுக்கு அழகல்ல என்கிறாள். அது பலிக்கவில்லை. பொன் தருகிறேன், மணி தருகிறேன், என்னை விட்டுவிடு என்று அவன் அழுகிறான். அதற்கு மேல் அவள் உபதேசம் செய்யவில்லை. நீ குதிரைகளைப் பிடி, சண்டையை நான் போடுகிறேன் என்கிறாள். மரத்தில் ஏறி ஒளித்துவைத்த ஆயுதங்களை எடுத்துத் தரச் சொல்கிறாள். இளவரசன் ஏறுகிறான், எடுத்துத் தருகிறான், கடிவாளத்தைப் பிடிக்கிறான். பயம் போய்விட்டது என்று ஓரிடத்தில் அவனே சொன்னாலும், அது மறுபடியும் வருகிறது. பயத்தோடே அன்று முழுவதும் தேரை ஓட்டிவிடுகிறான்.

இதே அர்ச்சுனன் பிறகு குருட்சேத்திரத்தில் தேரிலேயே உட்கார்ந்துவிடுகிறான். அங்கே கண்ணன் அவனிடம் முதலில் சொல்வதே ஆண்மையற்றவனாகிவிடாதே என்பதுதான். பயம், தயக்கம், அழுகை எல்லாம் பெண்மையின் பக்கம் ஒதுக்கப்படுகின்றன. அதிலிருந்து விலகி வருவது வீரமாகிறது. அர்ச்சுனனின் தயக்கத்துக்குள்ளும் பெண்கள் வருகிறார்கள். ஆண்கள் செத்துப்போனால் குலப்பெண்கள் கெட்டுப்போவார்கள், சாதி கலந்துவிடும் என்பது அவன் சொல்லும் காரணங்களில் ஒன்று. போரிடச் சொல்லும் வாதத்திலும் போர் வேண்டாம் என்ற வாதத்திலும் பெண் ஒரு கருவிதான்.

ஆனாலும் அர்ச்சுனனுக்கு ஒரு சலுகை கிடைத்தது. இரண்டு படைகளும் காத்திருக்க, எதற்காக என்று அவன் கேட்கலாம். பதினெட்டு அத்தியாயம் கேட்கலாம். அந்தக் கேள்வியைக் கேட்க உலகத்தில் எத்தனை பேருக்கு நேரம் கொடுக்கப்பட்டிருக்கிறது? பயந்து நிற்கும் ஒருவருக்குத் தைரியம் எங்கிருந்து வருகிறது என்பதைத் தஞ்சைக் காவிரிப் படுகையின் பெண்களையும், அங்கிருந்து கப்பலேறிப் போனவர்களின் மகள்களையும் வைத்து இந்தக் கட்டுரையில் யோசிக்க விரும்புகிறேன்.

*

பள்ளியில் புறநானூறு படித்தவர்களுக்கு அந்தத் தாய்மார்களைத் தெரியும். ஒக்கூர் மாசாத்தியார் காட்டும் பெண், ஒரு போரில் பிறந்த வீட்டு ஆணையும் இன்னொன்றில் கணவனையும் இழந்தவள். மீண்டும் பறை கேட்டதும் இருக்கும் ஒரே மகனுக்குத் தலைவாரி எண்ணெய் தடவி, வெள்ளாடை உடுத்தி, கையில் வேலைக் கொடுத்து அனுப்புகிறாள். காக்கைபாடினியார் நச்செள்ளையார் காட்டும் முதியவள், மகன் புறமுதுகிட்டுச் செத்தான் என்று ஊர் பேசக் கேட்டு, அது உண்மையானால் அவன் பாலுண்ட முலையை அறுத்தெறிவேன் என்று வாளோடு களத்துக்குப் போகிறாள். சிதைந்து கிடக்கும் உடலைக் கண்டு, அவன் ஓடவில்லை என்று தெரிந்ததும், பெற்ற நாளைவிட மகிழ்கிறாள்.

இரண்டையும் பாடியவர்கள் பெண்கள். அதனால் இவற்றை ஆணின் கற்பனை என்று ஒதுக்கிவிட முடியாது. பாராட்டாகவா துயரமாகவா, எந்தத் தொனியில் பாடினார்கள் என்பதைப் பேராசிரியர்கள் விவாதிக்கட்டும். எனக்கு உறுத்துவது வேறு. இரண்டிலும் மகன் ஒரு சொல்லும் பேசுவதில்லை. எண்ணெய் தடவிக்கொண்டிருந்தபோது அவனுக்கு வயிறு கலங்கியதா? அம்மா, எதற்கு என்று கேட்டானா? அவனுக்கு நோக்கம் பிறக்கும்போதே கொடுக்கப்பட்டுவிட்டது. தாய்க்கும் அப்படித்தான். அவளுடைய தைரியத்தை அளக்க மகனுடைய பிணம் தேவைப்படுகிறது.

இப்படிப்பட்ட தைரியத்தை இரவல் தைரியம் என்று சொல்லலாம். கொடுத்தவருக்கு அது சொந்தம். வாங்கியவர் உயிரைக் கொடுத்து அடைக்கிறார்.

*

நாகப்பட்டினத்திலிருந்து பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் கப்பல்கள் போய்க்கொண்டிருந்த காலம் ஒன்று உண்டு. ரஜூலா என்ற கப்பலின் பெயர் அந்தப் பக்கத்துப் பழைய குடும்பங்களில் இன்றும் அடிபடும். தஞ்சை, திருச்சி மாவட்டங்களிலிருந்து கங்காணிகள் கூட்டிப்போன கூலிகள் மலேயாவின் ரப்பர் தோட்டங்களில் பால்வெட்டினார்கள். அவர்களுடைய மகள்கள் அங்கேயே பிறந்து, அங்கேயே வேலைக்குப் போனார்கள்.

1943 ஜூலையில் சுபாஷ் சந்திரபோஸ் சிங்கப்பூர் வந்தார். பெண்களுக்கென்று ஒரு படை வேண்டும் என்று பொதுக்கூட்டத்தில் அறிவித்தார். சென்னையில் படித்துச் சிங்கப்பூரில் மருத்துவம் பார்த்துக்கொண்டிருந்த டாக்டர் லட்சுமி சுவாமிநாதன், ஒரு சில நாட்களுக்குள் சிறு குழுவைத் திரட்டி, துப்பாக்கி பிடிக்கப் பழக்கி, அவருக்கு அணிவகுப்பு மரியாதை கொடுக்கவைத்தார். அக்டோபர் 22 அன்று ஜான்சி ராணிப் படையின் பயிற்சி முகாம் தொடங்கியது. சேர்ந்தவர்களில் பெரும்பாலோர் தமிழ்ப் பெண்கள். நிறையப் பேர் தோட்டத் தொழிலாளர் குடும்பத்தவர்கள், எழுதப் படிக்கத் தெரியாதவர்கள். கோலாலம்பூரில் வசதியான வீட்டில் வளர்ந்த ஜானகி தேவருக்கு 18 வயது. ஈப்போவின் ராசம்மாவுக்கு 16.

சேர்வதற்கு ஒரு நிபந்தனை இருந்தது. மணமாகாதவளுக்கு அப்பாவின் கையெழுத்து, மணமானவளுக்குக் கணவனின் கையெழுத்து. நாட்டுக்காகச் சாகலாம், ஆனால் வீட்டு ஆணின் ஒப்புதல் வேண்டும். ஜானகியின் அப்பா எதிர்த்தார், பிறகுதான் இசைந்தார். விடுதலைப் படைக்குள் போகும் வாசலிலும் இந்தப் பழைய தாழ்ப்பாள் இருந்தது.

அவர்களுக்குப் பயம் இருந்ததா? இந்தக் கேள்வியை நாம் கொஞ்சம் தயங்கியே கேட்கிறோம், கேட்டால் அவர்களைச் சிறுமைப்படுத்துவதாகிவிடுமோ என்று. அது ஜப்பானியர் ஆண்ட காலம். அரிசி கிடையாது. தோட்டத்து ஆண்கள் சயாம்–பர்மா ரயில் பாதை போடக் கொண்டுபோகப்பட்டுப் பல்லாயிரக்கணக்கில் செத்தார்கள். சிப்பாய்களின் கண்ணில் படாமல் மகளை எங்கே மறைப்பது என்று தாய்மார்கள் தவித்தார்கள். தோட்டத்தில் இருப்பதே பயமாக இருந்தபோது, முகாமில் மூன்று வேளைச் சாப்பாடும் சுற்றிலும் தன் வயதுப் பெண்களும் இருந்தார்கள். நாட்டுப்பற்றால் வந்தவர்கள் உண்டு, பயத்தால் வந்தவர்களும் இருந்திருக்க வேண்டும். இரண்டாலும் வந்தவர்களே அதிகம் இருந்திருப்பார்கள். இதில் குறைவு ஒன்றும் இல்லை. பயம் ஓடவும் வைக்கும், ஓர் இடத்தைத் தேடி வந்து சேரவும் வைக்கும்.

முகாமில் அவர்களுக்குக் கிடைத்ததைப் பார்த்தால் பிருகன்னளை நினைவுக்கு வருகிறாள். சொற்பொழிவுகளும் இருந்தன. ஆனால் நாள் முழுக்கக் கைக்கு வேலை இருந்தது. விடியலில் எழுந்து அணிவகுப்பு. துப்பாக்கியைப் பிரித்துத் துடைத்துச் சேர்ப்பது. துப்பாக்கிமுனைக் கத்தியால் குத்தப் பழகுவது, கையெறி குண்டு வீசுவது, வரைபடம் பார்ப்பது. இந்துஸ்தானி படிப்பது. எதிரில் நிற்கும் பெண்ணும் இதையே செய்கிறாள், அவள் கையும் நடுங்குகிறது என்று தெரிவது. தைரியம் என்ற சொல்லே உச்சரிக்கப்படாமல் அது பழகிவந்தது.

1944இல் அவர்களில் ஒரு பகுதியினர் பர்மா போனார்கள். போர்முனைக்கு அனுப்பும்படி வற்புறுத்தினார்கள். ஆனால் இம்பாலில் தோல்வி வந்துவிட்டது. மேமியோவில் காயம்பட்ட வீரர்களைப் பார்த்துக்கொண்டார்கள், குண்டுவீச்சுக்கு நடுவில் மருத்துவமனையில் நின்றார்கள். ஜான்சி ராணிப் படை போர்முனையில் சண்டையிடவே இல்லை. 1945 ஏப்ரலில் ரங்கூனை விட்டு பாங்காக் நோக்கிப் பின்வாங்கியபோது ஜானகி தேவர் தம் தோழிகளை நடத்திக்கொண்டு போனார். லாரிகள் சேற்றில் நின்றுபோயின. பகலில் விமானங்களுக்குப் பயந்து மறைந்திருந்து, இரவில் நடந்தார்கள். வேறொரு குழு போன ரயில் தாக்கப்பட்டதில் ஸ்டெல்லா, ஜோசபின் என்ற இரண்டு பெண்கள் இறந்தார்கள்.

போரிடாத படை, பின்வாங்கிய படை என்பதால் அவர்களை வரலாறு ஓர் ஓரத்தில் வைத்தது. முன்னேறித் தாக்குவது மட்டும்தான் தைரியம் என்ற கணக்கு அது. டெல்டாவில் நடவு நடும் பெண்களை ஒருமுறையாவது பார்த்தவர்கள் வேறு மாதிரிக் கணக்குப் போடுவார்கள். குனிந்த வரிசை ஒவ்வோர் அடியாகப் பின்னால்தான் போகிறது. பின்னால் போகப் போகத்தான் முன்னால் வயல் பச்சையாகிறது.

இங்கே ஒரு தடை வரும், அதைத் தாண்டாமல் போகக்கூடாது. வேலையும் கூட்டமும் கொடுத்தால் தைரியம் வரும் என்றால், எல்லாக் கொலைகாரப் படைகளும் அதைத்தான் செய்கின்றன. சீருடை, அணிவகுப்பு, தோளோடு தோள் நிற்கும் தோழமை எல்லாம் சேர்ந்து பயந்த பையனை எதையும் செய்யவைத்துவிடும். உத்தரகுமாரனே குருட்சேத்திரத்தின் முதல் நாளில் சல்லியன் கையில் செத்துப்போகிறான். ஜான்சி ராணிப் படைக்கும் இந்தச் சங்கடம் உண்டு. தோட்டத்து ஆண்களை ரயில் பாதையில் சாகடித்த ஜப்பானே அந்தப் படையின் கூட்டாளி. அப்பாவை இழந்த பெண் அதே கூட்டணிக்குள் துப்பாக்கி ஏந்தினாள்.

எனவே இன்னொரு கேள்வியும் தேவை. கொடுத்தவர் போன பிறகு அந்தத் தைரியம் யாரிடம் இருக்கிறது? இரவலா, சொந்தமா என்பது அப்போதுதான் தெரியும். போஸ் 1945 ஆகஸ்டில் இல்லாமல் போனார், படை கலைந்தது. ராசம்மா ஆசிரியையானார். பெண் ஆசிரியைகளுக்கு ஆண்களுக்குச் சமமான சம்பளம் கேட்டு மலேயாவில் சங்கம் கட்டிப் போராடினார். ஜானகி அரசியலுக்கு வந்து பின்னாளில் மலேசிய மேலவை உறுப்பினரானார். லட்சுமி கான்பூரில் ஏழைகளுக்கு மருத்துவம் பார்த்தார், 1981இல் அனைத்திந்திய ஜனநாயக மாதர் சங்கம் உருவானபோது அதைத் தொடங்கியவர்களில் ஒருவராக இருந்தார், 97 வயதில் இறக்கும்வரை ஓயவில்லை. துப்பாக்கி எப்போதோ கையை விட்டுப் போய்விட்டது. நிற்கப் பழகிய கால் அவர்களுடையதாகவே இருந்தது. தோட்டத்துக்குத் திரும்பிப் போன நூற்றுக்கணக்கான பெண்களுக்கு என்ன ஆனது என்பதை யாரும் இந்த அளவுக்கு எழுதிவைக்கவில்லை. கையெழுத்துப் போடத் தெரியாதவர்களுக்கு வரலாறு எப்போதும் செய்வது அதுதான்.

*

அதே 1943இல், கடலுக்கு இந்தப் பக்கம், மன்னார்குடி அருகே தென்பரையில் விவசாயிகள் சங்கம் அமைந்தது. கீழத் தஞ்சையின் பண்ணையாட்களுக்குச் சவுக்கடியும் சாணிப்பாலும் அன்றாடத் தண்டனைகள். கன்னட மண்ணிலிருந்து வந்த பி. சீனிவாசராவ் சேரிகளில் தங்கி, அவர்கள் சாப்பிட்டதைச் சாப்பிட்டு, அடித்தால் திருப்பி அடியுங்கள் என்றார். சொல்லின் வலிமையால் எல்லோரும் எழுந்துவிட்டார்கள் என்று இதை வீரக்கதையாக்குவது எளிது. நடந்தது அதைவிட மெதுவானது. சங்கத்தில் பெயர் எழுதுவது, கொடியேற்றுவது, ஒருவனை அடித்தால் எல்லோரும் வேலையை நிறுத்துவது என்று சிறு சிறு வேலைகள். 1944இல் சவுக்கடியும் சாணிப்பாலும் நிறுத்தப்படும் என்ற ஒப்பந்தத்தில் மிராசுதாரர்கள் கையெழுத்திட வேண்டி வந்தது.

அந்த இயக்கத்தில் மணலூர் மணியம்மை இருந்தார். பிராமண வீட்டில் இளவயதிலேயே விதவையானவர். மொட்டையும் காவிப் புடவையுமாக மூலையில் உட்கார வேண்டியவர் கிராப்பு வெட்டி, வேட்டியும் சட்டையும் அணிந்து, சிலம்பம் பழகி, சேரிகளுக்குள் போனார். ராஜம் கிருஷ்ணனின் ‘பாதையில் பதிந்த அடிகள்’ அவர் கதைதான். ஜான்சி ராணிப் பெண்களும் முடியை வெட்டி, கால்சட்டை போட்டார்கள். தைரியசாலியாக ஒரு பெண் ஆணைப் போல ஆக வேண்டுமா என்று மாணவிகள் கேட்பதுண்டு. மணியம்மையைப் பொறுத்தவரை முடியும் புடவையும் விதவை என்று அவர்மேல் எழுதப்பட்ட தீர்ப்பு. அதை அவர் கழற்றினார். பக்கத்து வயலில் சேலையை வரிந்து கட்டிக்கொண்டு, வேலைநிறுத்த நாளில் வரப்பில் உட்கார்ந்து எழ மறுத்தவளுக்கு எதையும் மாற்ற வேண்டியிருக்கவில்லை. இருவரும் பயந்திருப்பார்கள். மணியம்மைக்கு இழக்க ஒரு வீடாவது இருந்தது. வரப்பில் உட்கார்ந்தவளுக்கு அன்று இரவுச் சோறு இல்லை. பெயர் தெரியாத அவளைத்தான் நான் அதிகம் நினைக்கிறேன்.

1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் நடந்ததைச் சொல்லாமல் டெல்டாவில் தைரியத்தைப் பற்றிப் பேச முடியாது. கூலியாக அரைப்படி நெல் கூடக் கேட்டார்கள், செங்கொடியை இறக்க மறுத்தார்கள். ஆட்கள் துப்பாக்கிகளோடு வந்தபோது ஓட முடிந்தவர்கள் ஓடினார்கள். ஓட முடியாதவர்கள் ராமையாவின் குடிசைக்குள் போனார்கள். வெளியே பூட்டித் தீ வைத்தார்கள். 44 பேர். பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். குற்றம்சாட்டப்பட்ட நிலவுடைமையாளரைப் பிறகு உயர்நீதிமன்றம் விடுதலை செய்தது.

ஒவ்வோர் ஆண்டும் அந்த நாளில் அவர்களுக்கு வீரவணக்கம் செலுத்துகிறோம். செலுத்தத்தான் வேண்டும். ஆனால் அந்தக் குடிசைக்குள் இருந்த குழந்தை எந்தப் போருக்கும் போகவில்லை. அம்மாவின் சேலையைப் பிடித்துக்கொண்டு பயந்துபோய் உள்ளே வந்தது, அவ்வளவுதான். அந்தக் குழந்தையின் சாவுக்கு நாம் ஒரு நோக்கம் கண்டுபிடித்துக் கொடுக்கும்போது, மகனுக்கு எண்ணெய் தடவி அனுப்பும் வேலையைச் செத்த பிறகு செய்கிறோமோ என்று எனக்குத் தோன்றுகிறது. அரைப்படி கேட்கத் துணிந்த தாய்மார்களின் தைரியம் அவர்களுடையது, அதைக் கொண்டாடலாம். குழந்தையின் பயத்தைப் பயமாகவே விட்டுவைப்பதுதான் நியாயம். கொன்றவர்களின் குற்றம் அப்போதுதான் முழுதாகத் தெரியும்.

வெண்மணிக்குப் பிறகு கிருஷ்ணம்மாள் ஜெகந்நாதன் இந்தப் பகுதிக்கு வந்தார். தலித் குடும்பத்தில் பிறந்து காந்திய வழியில் வந்தவர். பயப்படாதீர்கள் என்று சொல்லிவிட்டு அவர் போய்விடவில்லை. 1981இல் கணவரோடு லாஃப்டி இயக்கத்தைத் தொடங்கி, நிலவுடைமையாளர்களோடு பேசி, வங்கிக் கடன் வாங்கி, நிலத்தை விலைக்கு வாங்கி, குடும்பத்துக்கு ஓர் ஏக்கர் என்று பிரித்துக் கொடுத்தார். பத்திரத்தைப் பெண்கள் பெயரில் எழுதவைத்தார். கூலி கேட்டால் நாளைக்கு வேலை கிடைக்காது என்ற பயம் உள்ளவளிடம் எவ்வளவு வீரம் பேசினாலும் அந்தப் பயம் போகாது, ஏனென்றால் அது நியாயமான பயம். ஓர் ஏக்கர் நிலம் அதைப் பாதியாக்கும். பத்திரத்தில் தன் பெயரைக் காண்கிறவள், எதற்காக என்ற கேள்விக்குத் தானே பதில் சொல்லிக்கொள்வாள்.

*

இதைப் படிக்கிற உங்களில் பலர் மாணவிகள். போர் என்றால் உங்களுக்கு என்ன என்று யோசித்துப் பார்க்கிறேன். விடுதி அறையில் ஒரு தோழி சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறாள். துறையில் ஒருவர் அவளிடம் நடந்துகொண்ட விதத்தைப் பற்றிப் புகார் கொடுக்க வேண்டும். மதிப்பெண் போய்விடுமோ, வீட்டுக்குத் தெரிந்தால் படிப்பை நிறுத்திவிடுவார்களோ என்று கை நடுங்குகிறது. நாம் என்ன செய்கிறோம்? நீ தைரியமான பொண்ணுதானே என்கிறோம். நீ இப்போது பேசாவிட்டால் நாளைக்கு இன்னொருத்தி பாதிக்கப்படுவாள் என்கிறோம். நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறோம். ஆனாலும் அவள் கையில் வேலைத் திணித்து அனுப்பும் பழைய வேலைதான் இது. அவளுடைய நோக்கத்தை நாம் முடிவுசெய்துவிட்டோம்.

பணியிடப் பாலியல் துன்புறுத்தலுக்கு எதிரான 2013ஆம் ஆண்டுச் சட்டம், புகாரை மூன்று மாதத்துக்குள் எழுத்தில் தர வேண்டும் என்கிறது. எழுத முடியாத நிலையில் இருப்பவளுக்கு எழுத உதவ வேண்டியது குழுவின் கடமை என்றும் சொல்கிறது. காரணம் இருந்தால் கால அவகாசத்தை நீட்டிக்கவும் இடம் வைத்திருக்கிறது. சட்டங்கள் பொதுவாகப் பயத்தைக் கணக்கில் எடுப்பதில்லை. இந்த இரண்டு இடங்களில் மட்டும் நடுங்கும் கை ஒன்று இருக்கிறது என்று அது ஒப்புக்கொள்கிறது.

நாமும் அதையே செய்யலாம். தேதிகளை நினைவுபடுத்தி ஒரு தாளில் எழுத அவளோடு உட்காரலாம். குறுஞ்செய்திகளைச் சேமித்துவைக்கலாம். குழுவில் யார் யார் இருக்கிறார்கள் என்று விசாரித்து வரலாம். அந்த அறையின் வாசல்வரை போய், வெளியில் வரும்வரை நிற்கலாம். கடிவாளம் அவள் கையில் இருக்கட்டும். எல்லாம் எழுதி முடித்த பிறகு, வேண்டாம், நான் கொடுக்கவில்லை என்று அவள் தாளை மடித்து வைத்தால் அதையும் ஏற்றுக்கொள்ள வேண்டும். மறுநாள் காலை சாப்பாட்டுக்கு வழக்கம்போல அவளைக் கூப்பிட வேண்டும்.